மோசமென்று கேட்டுவிட்டுப் போன படத்தில் சிரிப்பு எப்படி வருகிறது?

வெள்ளிக்கிழமை வெளியான ஒரு நகைச்சுவைப் படத்தைப் பற்றி, பெங்களூரு அல்சூரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் சனிக்கிழமை காலைக்குள்ளேயே தீர்ப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. சென்னையிலிருக்கும் சித்தப்பா, "மொக்கைப் படம், காசு தண்டம்" என்று வாட்ஸாப்பில் அனுப்பியிருப்பார். முன்பதிவு செய்தாயிற்றே என்று அவர்கள் போகிறார்கள். அரங்கில் அண்ணன் "சொன்ன அளவுக்கு மோசமில்லையே" என்று விழுந்து விழுந்து சிரிக்க, அதே வசனத்துக்குத் தங்கையின் உதடுகூட அசைவதில்லை. இருவரும் கேட்டது ஒரே விமர்சனத்தைத்தான்.

அண்ணனின் சிரிப்புக்குக் காரணம் மூளையின் கணிப்பு முறையில் இருக்கிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேகு ஆகிய மூவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாக்கியது. குரங்குக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைக்கும்போது அதன் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரந்து வெகுமதியை உணர்த்தும் நரம்பணுக்கள் வேகமாகத் துடிக்கின்றன. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் அவற்றில் மாற்றமில்லை. எதிர்பார்த்தது கிடைக்காமல் போனால் துடிப்பு தணிந்துவிடுகிறது. அதாவது அந்த அணுக்கள் காட்டுவது, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. நகைச்சுவையை ரசிக்கும்போது இதே வெகுமதிப் பாதை இயங்குவதை மூளை வருடிப் படங்களும் 2003-இல் காட்டின. ஆகவே எதிர்பார்ப்பு தரைமட்டத்துக்கு இறங்கிவிட்ட ஒருவருக்குச் சுமாரான வசனம்கூட எதிர்பாராத லாபமாகிவிடுகிறது.

தங்கைக்கு நடப்பது நேர்மாறானது. என் கருத்தில் இதுவே கூடுதல் வலுவுள்ள விளைவு. டிமோதி வில்சனும் சக ஆய்வாளர்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், கேலிச்சித்திரங்கள் வேடிக்கையாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், அவ்வளவாக வேடிக்கையில்லாத சித்திரங்களையும் நன்றாகவே ரசித்தார்கள். எதிர்பார்ப்பு அனுபவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நல்ல சொல்லுக்கு இந்த இழுவிசை இருந்தால் கெட்ட சொல்லுக்கும் இருக்கும் என்பதே அந்த ஆய்வு முன்வைத்த கொள்கை. தங்கை அந்த வசனத்தைப் புதிதாகக் கேட்கவே இல்லை; மொக்கை என்ற முடிவுக்கு இன்னொரு சான்றாகத்தான் கேட்டாள்.

இரண்டில் எது வெல்லும்? ஆண்ட்ரூ கியர்ஸ், டேனியல் லாசிட்டர் ஆகியோர் 1999-இல் இதற்கு ஒரு நல்ல விடை தந்தார்கள். படத்தை நுணுக்கமாகக் கவனிப்பவருக்கு, எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள இடைவெளி கண்ணில் படுகிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர் எதிர்பார்ப்போடு ஒத்துப்போய்விடுகிறார். நடுநடுவே கைப்பேசியை எடுத்துப் பார்ப்பவர் சித்தப்பாவின் தீர்ப்பையே தம் தீர்ப்பாகக் கொண்டு வெளியே வருவதற்கு இது பொருத்தமான விளக்கம்.

இனி, பலரும் கவனிக்கத் தவறுவது அரங்கு. நகைச்சுவைக் காட்சியைத் தொகுப்பவர், அடுத்த வசனம் சிரிப்பொலியில் அமுங்கிப் போகாதபடி, ஒவ்வொரு நல்ல வசனத்துக்குப் பிறகும் சற்று இடம் விடுவது வழக்கம். நடிகர் கண்ணைச் சிமிட்டுவார், எதிரில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், கேமரா ஒரு கணம் காத்திருக்கும். அரங்கு நிறைந்திருந்தால் அந்த இடத்தைச் சிரிப்பு நிரப்பும். மோசமான பேச்சு பரவி முக்கால்வாசி இருக்கைகள் காலியாகக் கிடந்தால் அதே இடம் வெறும் மௌனமாகிறது. வசனம் எடுபடவில்லை என்று அந்த மௌனமே அறிவித்துவிடுகிறது. தனியாக இருப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது மனிதர் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டவர் சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரோவைன். சிரிப்பொலியைக் கேட்ட மாத்திரத்தில், முகத்தசைகளைச் சிரிப்புக்கு ஆயத்தப்படுத்தும் மூளைப் பகுதிகள் இயங்கத் தொடங்குவதை சோஃபி ஸ்காட் குழுவினர் 2006-இல் காட்டினார்கள். விமர்சனம் படத்தை மாற்றாவிட்டாலும் அரங்கை மாற்றிவிடுகிறது.

பெங்களூரில் இதற்கு ஒரு மாற்றும் உண்டு. இங்கே தமிழ்ப் படத்துக்கு ஆங்கில வசன வரிகளை நம்பி வரும் கன்னட, இந்தி நண்பர்கள் பலர். வரி திரையில் முன்னதாகவே வந்துவிடுவதால், நடிகர் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பு தமிழ் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தசைகளை வசனம் முடியும் முன்பே தயாராக்குகிறது. அவர்களில் பலருக்குச் சித்தப்பாவின் தீர்ப்பு போய்ச் சேர்ந்திருக்காது. மோசமென்று கேட்ட படத்துக்குப் போகிறவர் இன்னொரு விமர்சனத்தைத் தேடிப் படிப்பதைவிட, எதையும் கேள்விப்படாத ஒரு நண்பரை உடன் அழைத்துக்கொண்டு, கூட்டம் வரும் ஞாயிறு மாலைக் காட்சிக்குப் போவது நல்லது.