சொல் விளக்கம்: குழாய்மணி

‘டியூபுலர் பெல்ஸ்’ என்பது ஒரு சட்டத்தில் நெட்டுக்குத்தாகத் தொங்கும் உலோகக் குழாய்களின் வரிசை. ஒவ்வொரு குழாயும் ஒரு சுரம்; நீளமானது தாழ்ந்து ஒலிக்கும், குட்டையானது உயர்ந்து ஒலிக்கும். மேல் விளிம்பருகே சுத்தியலால் தட்டினால் மணியோசை எழும். மேலை இசைக்குழுக்களில் பார்க்கும் கருவியும் இதே இனம்தான். நாம் பேசுவது தேவாலயக் கோபுரத்தில் தொங்குகிற பெரிய வகையை.

‘டியூப்’ இலத்தீன் ‘டூபுஸ்’ வழி வந்தது. குழாய் என்றுதான் பொருள். ‘பெல்’ பழைய ஆங்கிலச் சொல். இரண்டையும் சேர்த்து ஊரறியச் செய்தவர் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத்து ஜான் ஹாரிங்டன். 1880களில் காப்புரிமை பெற்றுக் கோபுரங்களுக்கென்றே குழாய்களைச் செய்து விற்றார். காரணம் எளிது. வார்ப்பு மணி கனமானது, வீசி ஆடும்போது கோபுரச் சுவரையே உலுக்கும். குழாய் ஆடாது, எடை குறைவு, விலையும் குறைவு. சின்னச் சபைகளுக்கு அது போதும். சிம்லாவின் கிறைஸ்ட் தேவாலயத்தில் இப்படி 6 குழாய்கள் உண்டு. பல பத்தாண்டுகள் ஊமையாகக் கிடந்தவை, 2019 கிறிஸ்துமஸுக்குப் பழுது நீக்கப்பட்டு மறுபடி ஒலித்தன.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘மணி’ பிரச்சினையில்லை. நெல்மணி, கண்மணி, கடிகார மணி எல்லாவற்றையும் சுமக்கிற சொல் இதையும் சுமக்கும். நீலகிரியில் தோடர்களின் புனிதப் பால்மனைகளில் வைத்துப் போற்றும் மணிக்கும் இதே பெயர்தான். ஆனால் நம் மணிக்கு நாக்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் ‘வாயிற் கடைமணி நடுநா நடுங்க’ என்று கண்ணகி சொல்வது அந்த நாக்கைத்தான். குழாயில் நா கிடையாது, அடி வெளியிலிருந்தே விழுகிறது. ‘மணி அடி’ என்கிற நம் வழக்கு இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

முன்பாதியில்தான் தகராறு. ‘குழல்மணி’ காதுக்கு இனிமை, எனக்கும் ஆசைதான். ஆனால் குழல் என்றாலே ஊதுகிற துளைக்கருவி; ஒலிப்பது உள்ளேயுள்ள காற்று. இங்கே அதிர்வது உலோகம். நம் பழைய வகைப்பாட்டில் இது தாளம், சேமக்கலம் போலக் கஞ்சக்கருவி, அதாவது தட்டி ஒலிக்கும் உலோகக் கருவி. ஆகவே ‘குழாய்மணி’தான் சரி. கோபுரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியையும் ஊரில் குழாய் என்பார்களே என்று கேட்கலாம். கேட்கத்தான் செய்வார்கள், பதிவு செய்த மணியோசை அதில்தானே வருகிறது! இருந்தாலும் ‘மணி’ ஒட்டியிருப்பதால் குழப்பம் வராது.

இந்த மணியின் விசித்திரம் அதன் ஓசை. ஒரே தட்டில் குழாய் பல அதிர்வெண்களில் அதிர்கிறது. அவற்றில் நான்காம், ஐந்தாம், ஆறாம் அதிர்வுகள் 81:121:169 என்ற விகிதத்தில் அமைகின்றன, கிட்டத்தட்ட 2:3:4. அதைக் கேட்கும் செவி, 1 என்று ஒன்று இருக்க வேண்டுமே எனத் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. நாம் ‘இதுதான் சுரம்’ என்று பாடிக் காட்டும் சுருதியில் குழாயில் அதிர்வே இல்லை, அது நம் காதின் கைவேலை!

பழுது பார்ப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு முக்கியம். அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். நுனி அரித்துவிட்டது என்று நூற்றில் ஒரு பங்கு வெட்டினாலே சுருதி அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு ஏறிவிடும். வெட்டாதீர்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஜூனில் தொடங்கும் சாரலும் அப்புறம் வடகிழக்கு மழையும் சேர்ந்து கோபுரத்துக்குள் ஈரம் காயவே விடாது. குழாயில் பச்சையாய்ப் படிவது களிம்பு; மேலோட்டமாக இருந்தால் ஓசை கெடாது, பளபளப்புக்காகச் சுரண்ட வேண்டாம். தொங்குகயிறு மட்கினால் குழாய் சட்டத்தில் சாயும், சாய்ந்தால் ஓசை செத்துவிடும். சுத்தியல் முகத்துத் தோல் இறுகிப்போனால் ‘கணீர்’ போய்த் தகர ஒலி வரும். பெரும்பாலான சீரமைப்பு இந்தக் கயிறும் தோலும்தான்.

அடிக்க ஒரே ஆள் போதும்; எட்டுக் குழாய் என்றால், அவற்றின் சுத்தியல்களை அசைக்கும் எட்டு இழுகயிறுகளும் ஒரே சட்டத்தில் வந்து சேரும். ஒரு குழாயின் ஓசை தணியுமுன் அடுத்தடுத்து இழுத்தால் எல்லாம் கலந்து குழம்பும், நிதானம் வேண்டும். முதல் மணி, இரண்டாம் மணி, துக்க மணி என்ற வழக்குகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். எதற்கு எந்தக் குழாய் என்பதைச் சபை முடிவு செய்யட்டும்.

செலவுப் பட்டியல் எழுதும்போது மட்டும் கவனம். ‘குழாய்மணி 8, சுத்தியல் 8, இழுகயிறு 8’ என்று எழுதுங்கள். ‘பித்தளைக் குழாய் 8’ என்று எழுதி வைத்தால், அடுத்த பொருளாளர் காலத்தில் அவை எடைக்குப் போய்விடும்.