கோடு போடும் முன் தண்ணீரைக் கணக்கிடுங்கள்

கோவை, அவிநாசி, பெருந்துறைப் பக்கங்களில் புதிதாக வீடோ திருமண மண்டபமோ கட்டுவோர், எங்களைப் போன்ற நிலவடிவமைப்பாளர்களிடம் பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் படத்தைக் காட்டி, அதே போல் கத்தரித்த வேலியும் புல்தரையும் நீரூற்றும் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆசையில் குறையில்லை. அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் படத்தில் தெரிவதில்லை.

பதினான்காம் லூயி மன்னருக்காக ஆந்த்ரே லெ நோத்ர் 1660-களில் அமைக்கத் தொடங்கிய அத்தோட்டம், ஊற்றுகளுக்குப் போதிய நீரில்லாத இடத்தில் அமைந்தது. செய்ன் ஆற்று நீரை 150 மீட்டருக்கும் மேலே ஏற்ற, 14 சக்கரங்களும் 200-க்கும் மேற்பட்ட பம்புகளும் கொண்ட எந்திரம் 1684-இல் மார்லியில் இயங்கத் தொடங்கியது. அதுவும் போதாமல், வேறோர் ஆற்றைத் திருப்பிக் கொண்டுவரப் படைவீரர்களை இறக்கி மறு ஆண்டே தொடங்கிய கால்வாய் வேலை, போர் மூண்டதால் பாதியில் நின்றது. கடைசியில், பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) பாசனத்தில் மண்டலவாரியாக முறை வைப்பதைப் போல, மன்னர் நடந்து வரும் பக்கத்து ஊற்றுகளை மட்டும் திறந்து, அவர் கடந்ததும் மூடினார்கள். அதற்கான சைகை விசில் ஒலி.

மாறாக, இத்தாலியின் திவோலியில் 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த எஸ்தே மாளிகைத் தோட்டத்தின் ஊற்றுகள், மேட்டிலிருந்து இறங்கும் ஆற்று நீரின் அழுத்தத்தாலேயே பீறிடுகின்றன. ஜஹாங்கீர் 1619-இல் காஷ்மீரில் அமைத்த ஷாலிமார் தோட்டத்திலும் மலைநீர் படிப்படியாக இறங்குகிறது. மணிமேகலை காட்டும் சோழ மன்னனின் பூங்காவில் செய்குன்றோடும் அருவியோடும் 'எந்திரக் கிணறும்' சொல்லப்படுகிறது என்பதை, எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ரசித்துப் படிக்கலாம்.

நம் நிலமோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறது. ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வந்தது என்ற பேச்சு இங்கே புதிதல்ல. கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் நீர் என்று வைத்தாலும், ஒரு சென்ட்டுக்கு ஏறத்தாழ 200 லிட்டர், பத்து சென்ட்டுக்கு 2,000 லிட்டர் ஆகிறது.

ஒழுங்கான வடிவம் வேண்டும் என்பவர்கள் காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். கிளுவை வேலி கட்டம் கட்டமாக நிலத்தைப் பிரிக்க, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரமும் மானாவாரியாகவே நிற்கின்றன. கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) நட்டாலே வேர் பிடிக்கும். வறட்சியில் இலை உதிர்க்கும், மழைக்குத் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் பச்சை வேண்டுமென்றால் மருதாணியைக் கத்தரித்து வளர்க்கலாம். கோடுகளைச் செடியால் மட்டுமல்லாமல் கல்பாவிய நடைபாதையாலும் காட்டினால் தண்ணீர்ச் செலவு பாதியாகக்கூடக் குறையும்.

நீரூற்று இருந்தே ஆக வேண்டும் என்போர், அதே நீர் சுழன்று வரும் சிறு தொட்டியாக அமைத்து, விருந்தினர் வரும் நேரத்தில் மட்டும் ஓட விடலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் ஊற்றின் உயரத்தைக் குறைத்து வையுங்கள். இல்லையேல் பாதி நீர் தொட்டிக்கு வெளியேதான் விழும்.