வெள்ளைப் பட்டைக்குள் இருக்கும் ஆபத்து

சுங்கை சிப்புட்டில் தோட்ட மருந்து விற்கும் கடையில் நின்று அலமாரியைப் பார்த்தால் நிறம்தான் முதலில் கண்ணில் படும். மலேசியாவில் விற்கும் பூச்சிமருந்து, களைக்கொல்லி லேபிள்களில் ஒரு நிறப்பட்டை இருக்கும். மிகக் கொடியதற்குக் கறுப்பு, அடுத்து சிவப்பு, பிறகு மஞ்சள், நீலம், கடைசியில் வெள்ளை. வெள்ளைப் பட்டை போட்ட மருந்து ஆளை ஒன்றும் செய்யாது என்று தோட்டங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. எதை அளந்து அந்தப் பட்டையைப் போடுகிறார்கள் என்று மருந்து அடிப்பவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அளப்பது இதைத்தான்: ஒரே தடவையில் எவ்வளவு கொடுத்தால் பாதி எலிகள் சாகும்? கொஞ்சம் கொடுத்தாலே செத்தால் கறுப்பு, நிறையக் கொடுத்தும் சாகாவிட்டால் வெள்ளை. உடனே ஆளைச் சாய்க்கும் நஞ்சைப் பிரித்துக் காட்ட இது நல்ல அளவுகோல். மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்த பராகுவாட் என்ற களைக்கொல்லி அப்படிப்பட்ட நஞ்சு. அதை அடித்தவர்களுக்கு நகம் கறுத்து விழுந்தது, மூக்கில் ரத்தம் வந்தது. கண்ணால் பார்த்தார்கள், போராடினார்கள். ஆனால் எலியையும் கொல்லாமல், மூக்கில் ரத்தமும் வரவைக்காமல், உடம்பின் ஹார்மோன்களை மட்டும் குலைக்கும் வேதிப்பொருளை இந்தப் பட்டை காட்டாது. நஞ்சுகளை ஆராயும் நச்சியலாளர்கள் கடந்த சில பத்தாண்டுகளாகப் போராடிக் கொண்டிருப்பது அப்படிப்பட்ட பொருள்களோடுதான்.

ஹார்மோன் என்பது ரத்தத்தில் போகும் கட்டளை. காலைப் பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில், மண்டோர் என்ற மேற்பார்வையாளர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு ஒரு கூட்டமே நிரை நிரையாகப் பிரிந்து வேலைக்குப் போகிறது. வார்த்தை சின்னது, நடக்கும் வேலை பெரியது. மண்டோர் குரலிலேயே வேறொருவன் கட்டளை போட்டால்? மண்டோர் பேசும்போது எவனாவது கூச்சல் போட்டு அதைக் கேட்கவிடாமல் செய்தால்? மூன்றாவதாக, மண்டோரையே பெரட்டுக்கு வரவிடாமல் தடுத்தால்? ஹார்மோனைக் குலைக்கும் பொருள்கள் வேலை செய்யும் முக்கியமான வழிகள் இவைதான். சில, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்போல நடிக்கின்றன. டிடிடி என்ற பழைய பூச்சிமருந்து உடம்பில் சிதைந்து உண்டாகும் டிடிஇ, ஆண் ஹார்மோன் வந்து உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இன்னும் சில, ஹார்மோன் உற்பத்தியையே நிறுத்துகின்றன.

அளவு என்று பார்த்தால், ஈஸ்ட்ரோஜன் நம் ரத்தத்தில் பிகோகிராம் கணக்கில்தான் ஓடுகிறது. ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு எடுத்தால் அது ஒரு பிகோகிராம். இவ்வளவு சொற்பத்தில் உடம்பே வேலை செய்யும்போது, வெளியிலிருந்து வரும் பொருளைப் பார்த்து 'அளவு கம்மிதானே' என்று விட்டுவிட முடியாது.

தோட்டத்துக்கு நெருக்கமான உதாரணம் மேன்கோசெப். செம்பனை நாற்றுப் பண்ணைகளில் இலைநோய்க்கும், கேமரன் மலையில் காய்கறிக்கும் அடிக்கும் பூஞ்சாணக்கொல்லி. பையைப் பிரித்தால் மஞ்சள் தூள் லேசாகப் புகைந்து எழும், கையிலும் சட்டை மடிப்பிலும் ஒட்டும். எலியைக் கொல்ல ஏராளமாகத் தேவை என்பதால், உடனடி நஞ்சு என்ற கணக்கில் அது கடைசி வரிசையில் நிற்கிறது. ஆனால் அது சிதையும்போது எத்திலீன் தையோயூரியா என்ற பொருள் உண்டாகிறது. தைராய்டு சுரப்பி அயோடினைக் கோத்து ஹார்மோன் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். அந்த நொதியின் வேலையை இது தடுக்கிறது. அதாவது மண்டோர் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் மேன்கோசெப்பை ஹார்மோன் குலைப்பான் என்று முடிவு செய்து 2020இல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது.

வளர்ந்த ஆளுக்குத் தைராய்டு கொஞ்சம் தளர்ந்தால் மூளை உத்தரவு போட்டு அதை முடுக்கிவிடும், பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். வயிற்றில் இருக்கும் கருவுக்கு அந்த வசதி இல்லை. கருவின் சொந்தத் தைராய்டு ஓரளவு வேலை செய்யத் தொடங்கவே கர்ப்பத்தின் பாதிக்காலம் ஆகிவிடும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்குத் தேவையான ஹார்மோன் தாயிடமிருந்துதான் வர வேண்டும். அதனால் இந்தத் துறையில் 'எவ்வளவு' என்பதைப் போலவே 'எப்போது' என்பதும் பெரிய கேள்வி.

இதை உலகம் வேதனைப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1938இல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் டாட்ஸ் குழு உருவாக்கிய டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். தாய்மார்களுக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை. 1971இல் போஸ்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் அவர் குழுவினரும் இளம்பெண்களுக்கு வந்த ஓர் அபூர்வமான பெண்ணுறுப்புப் புற்றுநோயை ஆராய்ந்தபோது, எட்டுப் பேரில் ஏழு பேரின் தாய்மார் அந்த மருந்தை எடுத்திருந்தது தெரிய வந்தது. மருந்து சாப்பிட்டவர் ஒருவர், நோய் வந்தது அவர் மகளுக்கு, அதுவும் ஏறக்குறைய 20 வருடம் கழித்து. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது எப்படிச் சிக்கும்?

அப்படியானால் நச்சியலாளர்கள் எதைப் பார்க்கிறார்கள்? ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களைப் பார்க்கிறார்கள். போஸ்டனில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனென்ஷைனும் ஈஸ்ட்ரோஜன் இருந்தால் மட்டும் பெருகும் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து வந்தார்கள். 1980களின் கடைசியில் ஒருநாள், ஈஸ்ட்ரோஜன் போடாத தட்டுகளிலும் செல்கள் பெருகிக் கிடந்தன. தேடிப் பார்த்தால், புதிதாக வந்த பிளாஸ்டிக் குழாய்களிலிருந்து, ஈஸ்ட்ரோஜன்போல நடிக்கும் நோனைல்ஃபீனால் என்ற பொருள் கசிந்திருந்தது. இது எனக்கு முக்கியமாகப் படக் காரணம் உண்டு. நோனைல்ஃபீனாலாகச் சிதையக்கூடிய பொருள்களைப் பூச்சிமருந்து இலையில் பரவி ஒட்டுவதற்காகவும் கலந்து வந்தார்கள். ஐரோப்பா 2003இல் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது கொல்லும் மருந்தின் பெயர் மட்டும். அதோடு கலந்த மற்றவற்றையும் ஒரு நச்சியலாளர் கேட்டாக வேண்டியிருக்கிறது.

அடுத்து, மனிதரின் சிறுநீர். கோஸ்டா ரிக்காவில் வாழைத் தோட்டங்களுக்கு மேல் விமானத்தில் மேன்கோசெப் தெளிப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் வாழும் கர்ப்பிணிகளின் சிறுநீரில் எத்திலீன் தையோயூரியா, வேறு இடங்களில் பொதுமக்களிடம் கண்ட அளவைவிட ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. மருந்து அடிக்கப் போகாதவர்களும் அவர்களில் உண்டு.

நம் தோட்டங்களில் விமானம் இல்லை, முதுகில் பம்பு இருக்கிறது. மூடி சரியாக இறுகாத பம்பிலிருந்து வழிந்து சட்டையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருக்கும். மருந்து அடிப்பவர் உடம்புக்குள் அது போவது மூச்சு வழியாக என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் தோல் வழியாகத்தான் அதிகம் போகிறது. அந்தச் சட்டையை அப்படியே கொண்டுவந்து பிள்ளைகளின் பள்ளிச் சீருடையோடு ஊறப்போட்டால் வீட்டுக்கே மருந்து வந்தாயிற்று.

சரி, விதிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. செம்பனை எண்ணெய்க்கான ஆர்எஸ்பிஓ சான்றிதழ் வேண்டும் என்றால் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் மருந்து வேலையில் வைக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, கிளினிக்குக்குப் போய், உறுதியாகி, தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தர்) சொல்லி வேலை மாற்றுவதற்குள் கருவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளம் போட்டாகிவிடும். தினச்சம்பளம் குறையும் என்ற பயத்தில் சொல்லாமல் இருப்பவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்தவரை இந்த விதியின் பெரிய ஓட்டை இதுதான். பிள்ளை பெற நினைக்கும் பெண்களுக்கு, கர்ப்பம் தெரிவதற்கு முன்பே, சம்பளம் குறையாமல் மாற்று வேலை கிடைக்க வேண்டும்.

ஆண்களுக்குக் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற புழுக்கொல்லியைத் தயாரித்த ஆலையில், நம் யாருக்குமே ஏன் பிள்ளை தங்கவில்லை என்று தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். பரிசோதித்தபோது பலருக்கு விந்தணுக்கள் மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. அது ஹார்மோனை ஏமாற்றிய கதை அல்ல, விந்து உருவாகும் செல்களையே நேராகத் தாக்கியது. ஆனால் முதலில் கண்டுபிடித்தவர்கள் மருத்துவர்கள் அல்ல, அந்தத் தொழிலாளர்கள்.

டவுனில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தைப் பால்புட்டிகளில், ஈஸ்ட்ரோஜன்போல நடிக்கும் பிஸ்பீனால் ஏ இருக்கக் கூடாது என்று மலேசியா 2012 மார்ச்சில் தடை போட்டது. டின் உணவிலும் பிளாஸ்டிக்கிலும் வரும் இந்தப் பொருள் உடம்பில் வருடக்கணக்கில் தங்குவதில்லை. அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாள், டின்னும் பிளாஸ்டிக்கும் படாத புதுச் சமையல் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் அதன் சராசரி அளவு 66 சதவீதம் இறங்கியது. இதைப் படித்தால் எனக்குத் தெம்பு வருகிறது. வரவை நிறுத்தினால் உடம்பு தானே கழுவிவிடுகிறது.

மேன்கோசெப் கழிவும் சிறுநீரில் போய்விடுவதுதான். அதனால் இன்று குறைத்தால் இன்றே பலன் உண்டு. வழியும் பம்பை முதுகில் ஏற்ற மறுங்கள். வேலைச் சட்டையைத் தனி வாளியில் துவையுங்கள், முடிந்தால் தோட்டத்திலேயே குளித்துவிட்டு வாருங்கள். காலி மருந்து டிரம்மில் தண்ணீர் பிடிக்காதீர்கள். அப்புறம், லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். கர்ப்பம் என்றாலும், தைராய்டு என்றாலும், பிள்ளை தங்கவில்லை என்றாலும் மருத்துவர் கேட்பதற்கு முன்பே அந்தப் படத்தைக் காட்டி, 'இதைத்தான் அடிக்கிறேன், இத்தனை வருஷமாக' என்று சொல்லுங்கள்.