பாகுநிலையை ‘ஒட்டும் தன்மை’ ஆக்காதீர்கள்

“உயிருள்ள செல்லின் ஒட்டும் தன்மையை அளக்கும் ஒளிரும் சாயம்” என்று ஓர் அறிவியல் துணுக்கு மறுபடியும் கண்ணில் பட்டது. இதே விஷயம் இதற்கு முன் “செல்லின் அடர்த்தியை அளக்கும் சாயம்” என்று வந்திருந்தது. இரண்டும் தப்பு. அளக்கப்படுவது விஸ்காசிட்டி. அதற்குத் தமிழ் பாகுநிலை. பள்ளி இயற்பியல் புத்தகத்தில் வெகுகாலமாக இருக்கிற சொல்தான், யாரும் புதிதாகத் தேடி அலைய வேண்டாம்.

வேர் என்று பார்த்தால் லத்தீனின் விஸ்கம். புல்லுருவிச் செடிக்கும், அதன் பழத்திலிருந்து எடுத்துக் கிளையில் பூசிப் பறவை பிடித்த பசைக்கும் அதுதான் பெயர். “பார்த்தீர்களா, மூலத்திலேயே பசை இருக்கிறது, ஒட்டும் தன்மை சரிதானே” என்று வாதாடுகிறவர்கள் உண்டு. சொல் பிறந்த வீடு வேறு, வாழ்க்கைப்பட்ட வீடு வேறு. பாய்மத்தின் (திரவம், வாயு போல ஓடும் பொருளின்) ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் நழுவும்போது எழும் உள் உராய்வைத்தான் இயற்பியல் விஸ்காசிட்டி என்கிறது. ஒட்டுவது என்றால் ஒரு பொருள் வேறொரு பரப்பைப் பிடித்துக்கொள்வது. ஆங்கிலத்திலேயே அதற்கு அட்ஹீஷன் என்று தனிச்சொல் இருக்கிறது. அகராதியில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மொழிபெயர்த்தால் இப்படித்தான் ஆகும்.

அடர்த்திக்காரர்களுக்கு விளக்கெண்ணெய் போதும். தண்ணீரில் ஊற்றினால் மிதக்கிறது, ஆக அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. பாகுநிலையோ அறை வெப்பத்தில் தண்ணீரைப் போலப் பல நூறு மடங்கு. பாதரசம் நேர் எதிர். அடர்த்தி 13.6 மடங்கு, பாகுநிலை ஒன்றரை மடங்கு சொச்சம்.

இந்தச் சாயங்களைப் பற்றி எழுதும்போது ஒட்டும் தன்மை என்று போட்டால் விஷயமே தலைகீழாகிவிடுகிறது. சாயம் செல்லில் எங்கோ ஒட்டிக்கொண்டு ஒளிர்கிறது போலும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். நடப்பது வேறு. இவற்றுக்கு மூலக்கூறுச் சுழலி என்று பெயர். ஒளியை வாங்கியதும் மூலக்கூறின் ஒரு பகுதி முறுக்கித் திரும்பப் பார்க்கும். சுற்றிலும் நீர்த்த திரவம் என்றால் தடையில்லாமல் திரும்பிவிடும், வாங்கிய ஆற்றல் வெப்பமாகப் போய்விடும், ஒளி மங்கும். கெட்டியான இடத்தில் திரும்ப வழியில்லை, ஆற்றல் ஒளியாகவே வெளிவரும். பாடிப்பி (BODIPY) என்ற ஒளிரும் சாயக் குடும்பத்தில், மூலக்கூறின் நடுவே ஒரு பென்சீன் வளையத்தைத் தொங்கவிட்டு இதைச் சாதிக்கிறார்கள். அந்த வளையத்தின் இருபுறமும் மெத்தில் தொகுதிகளை வைத்துப் பாருங்கள். வளையம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். சாயம் பிரமாதமாக ஒளிரும், ஆனால் நீர்த்த இடத்திலும் கெட்டியான இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒளிரும். அளப்பதற்கு உதவாது. இதில் பசைக்கு எங்கே வேலை?

2008இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மரினா குய்மோவா குழுவினர் இப்படியொரு சாயத்தை உயிருள்ள புற்றுநோய்ச் செல்களுக்குள் விட்டு அளந்தபோது, அது தங்கிய கொழுப்புசார் பகுதிகளில் பாகுநிலை சுமார் 140 சென்டிபாய்ஸ் (அதன் அலகு) வந்தது. தண்ணீருக்கு அது 1. பிரகாசத்தை நம்பாமல், ஒளிர்வு எத்தனை நானோநொடி நீடிக்கிறது என்று பார்த்தார்கள். சாயம் அதிகம் சேர்ந்த இடமும் பிரகாசமாகத் தெரியும் என்பதால் பிரகாசம் ஏமாற்றும், ஒளிர்வின் ஆயுள் அப்படி ஏமாற்றாது.

சரி, விஸ்காசிட்டிக்குப் பிசுக்குமை என்றொரு சொல்லும் புழங்குகிறதே? தனித்தமிழ் அன்பர்கள் சிலருக்கு அது பிடித்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. பிசுக்கு என்றால் அடுப்படிச் சுவரில் படியும் எண்ணெய்ப் பிசுக்குதான் நினைவுக்கு வரும். மறுபடி ஒட்டலும் அழுக்கும். பாகு அப்படியல்ல. வெல்லத்தைக் காய்ச்சும்போது இளம்பாகு, கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று கரண்டிக்குத் தடை ஏறிக்கொண்டே போவதைக் கை அறியும். காற்றுக்கும் பாகுநிலை உண்டு என்று சொல்லும்போது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். காற்றின் பிசுக்குமை அதைவிட மோசம்.

அப்புறம், ‘ஒளிரும்’ என்பதும் மொட்டையாக இருக்கிறது. மின்மினியும்தான் ஒளிர்கிறது. ஒளியை வாங்கி உடனே திருப்பி விடுவதற்கு உடனொளிர்வு என்றும், வாங்கி வைத்திருந்து மெல்ல விடுவதற்கு நின்றொளிர்வு என்றும் அழகான ஜோடி இருக்கிறது. நானோநொடிக் கணக்கில் முடிகிற சங்கதிக்கு ‘உடன்’ கச்சிதம். உடனொளிர்வுக்கு ஆங்கிலத்தில் ஃப்ளோரசன்ஸ் என்று 1852இல் பெயர் வைத்த இயற்பியலாளர் ஸ்டோக்ஸ், அதை ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து எடுத்தார். இதை அறியாமல் ‘ஃப்ளோரின் சாயம்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பாடிப்பியில் ஃப்ளோரின் இருப்பது அவர்கள் அதிர்ஷ்டம். பெயரிலேயே ஃப்ளோர் உள்ள ஃப்ளோரசீன் என்ற சாயத்தில் ஃப்ளோரின் ஓர் அணுகூடக் கிடையாது.