ஒரே வீடு, ஒரே 12.4

பாம்பனில் ஒரு மீனவர் குடும்பத்தில் கணவனும் மனைவியும் ஒரே நாளில் ரத்தப் பரிசோதனைக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஹீமோகுளோபின் 12.4. அவருடைய ரிப்போர்ட்டில் 'குறைவு' என்று இருக்கும், மனைவியுடையதில் ஒன்றும் இருக்காது. லேப்காரர் தப்புச் செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆணுக்கு 13-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே.

சிறு வயதில் இந்த வித்தியாசம் அநேகமாக இல்லை. வயதுக்கு வந்தபின் ஆணின் டெஸ்டோஸ்டிரோன், ஹீமோகுளோபினைச் சுமக்கும் சிவப்பணுக்களின் உற்பத்தியைத் தூண்டிவிடுகிறது. பெண்ணுக்கோ மாதாமாதம் ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. ஆனால் "பொம்பளைக்கு அம்புட்டுத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் குறைவில் ஒரு பங்கு இயற்கை, இன்னொரு பங்கு யாரும் கவனிக்காத இரும்புச்சத்துப் பற்றாக்குறை.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் வருவது மொத்தக் கணக்கு இல்லை. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் என்பதுதான். குழம்பில் தண்ணீரைக் கூட ஊற்றினால் போட்ட உப்பு எங்கும் போய்விடாது, ஆனாலும் சப்பென்று இருக்கும். கர்ப்பிணிக்கு நடப்பது இதுதான். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால்தான் அவர்களுக்கு எல்லை 11, நடு மூன்று மாதங்களில் 10.5. இதற்கு நேர்மாறாக, ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து, வேர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் கரையேறியவருக்கு ரத்தம் சுண்டி, அளவு கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். பீடி குடிப்பவருக்கும் அப்படித்தான்: கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஒரு பகுதியை முடக்கிவிட, உடம்பு அதை ஈடுகட்டக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. அப்படி 14 என்று வந்தால் அதைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசி எடுக்க மூச்சடக்கி முங்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மண்ணீரல் ஞாபகம் வரும். மூச்சை அடக்கி முங்கும்போது மண்ணீரல் சுருங்கி, தான் சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை ரத்தத்தில் விடுகிறது. கொரியாவில் 'ஆமா' எனப்படும் முக்குளிக்கும் பெண்களிடம் செய்த ஆய்வு ஒன்று 1990-இல் வெளியானது. தொடர்ந்து முங்கிய பிறகு அவர்களுடைய ஹீமோகுளோபின் சுமார் 10 சதவீதம் ஏறியிருந்தது. மேலே வந்து சற்று ஓய்ந்ததும் அது பழைய நிலைக்கு இறங்கிவிடும். தென்கிழக்கு ஆசியாவின் பஜாவ் மக்களுக்கோ தலைமுறை தலைமுறையாக முங்கி முங்கி, மண்ணீரலே பக்கத்து ஊர்க்காரர்களைவிடச் சுமார் 50 சதவீதம் பெரிதாக இருக்கிறது. இது 2018-இல் தெரியவந்தது.

சிவப்பணு மட்டுமல்ல, மற்றவையும் ஆளுக்கு ஆள் மாறும். ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் 'நார்மல்' என்பது பொதுவாக, ஆரோக்கியமானவர்களில் நடுவிலுள்ள 95 சதவீதம் பேரின் அளவு. அப்படியென்றால் நோயே இல்லாத 20 பேரில் ஒருவர் வெளியேதான் நிற்பார். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு நியூட்ரோபில் என்ற வெள்ளையணு பிறவியிலேயே குறைவு, அதனால் கெடுதல் இல்லை. வங்காளப் பக்கத்தில் சிலருக்குப் பிளேட்லெட் எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் உருவத்தில் பெரிது.

அப்படி ஒருவர் இங்கே வேலைக்கு வந்த இடத்தில் காய்ச்சலில் படுத்து, பிளேட்லெட் 1.2 லட்சம் என்று வந்தால் டெங்குவோ என்று எல்லாரும் பதறிப்போவார்கள். ஊரில் எடுத்த பழைய ரிப்போர்ட் கையில் இருந்து, அதிலும் 1.2 லட்சம் என்றிருந்தால், டாக்டர் அந்த எண்ணை விட்டுவிட்டுக் காய்ச்சலைப் பார்ப்பார்.