வெள்ளை ஹம்மிங்பேர்டு வந்தால் முதலில் கண்ணைப் பாருங்கள்

ஓசனிச்சிட்டு என்று தமிழில் நல்ல பெயர் இருக்கிறது, ஆனால் பேச்சில் எல்லாரும் ஹம்மிங்பேர்டு என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது அதில் ஒரே இனம்தான், ரூபி த்ரோட்டட். எடை சுமார் 3 கிராம், முதுகு பச்சை, ஆணுக்குக் கழுத்து மாணிக்கச் சிவப்பு. அதையே பார்த்துப் பழகியவருக்கு, கொல்லையில் தொங்கும் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைக்கு ஒரு நாள் வெள்ளை வெளேரென்று ஒன்று வந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அவசரப்பட வேண்டாம். வித்தியாசமான நிறம் என்று நாம் நினைப்பதில் பல, வித்தியாசமே இல்லை. தலை மஞ்சளா? பூவுக்குள் முகத்தை விட்டதில் ஒட்டிய மகரந்தம். கழுத்து கறுப்பா? வெளிச்சம் நேராக விழவில்லை, கொஞ்சம் திரும்பினால் சிவந்துவிடும். குளிர்காலத்தில் செம்பழுப்பாக ஒன்று வந்தால், அது மேற்கில் அலாஸ்கா வரை கூடு கட்டும் ரூஃபஸ் இனமாக இருக்கலாம், அதில் சில தென்கிழக்கு மாநிலங்களுக்கு வந்துவிடுவது உண்டு. தலையில் உணர்கொம்பு இருந்தால் பறவையே இல்லை, பூ முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் அந்துப்பூச்சி.

சரி, நிஜமாகவே வெள்ளைதான் என்றால்? கண்ணும் அலகும் காலும் கறுப்பாக இருந்தால் அது லூசிஸ்டிக்: மெலனின் என்ற நிறமி உடம்பில் இருக்கிறது, இறகுக்குத்தான் போய்ச் சேரவில்லை. கண் இளஞ்சிவப்பு, அலகும் காலும் அப்படியே என்றால் மெலனின் எங்குமே இல்லாத அல்பினோ, இது இன்னும் அபூர்வம்.

இதில் எனக்குப் பிடித்த புதிர் ஒன்று. அந்தக் கழுத்துச் சிவப்பு சாயம் கிடையாது. மழை ரோட்டில் சிந்திய பெட்ரோல் மினுங்குவது போல, ஒளி அடுக்கடுக்கான பரப்புகளில் பட்டுத் திரும்பும்போது ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாக்கும் நிறம், அதனால்தான் மயில்கழுத்துப் பட்டு மாதிரி பார்க்கும் கோணத்துக்கு மாறுகிறது. அப்படியானால் நிறமி போனாலும் சிவப்பு மிஞ்ச வேண்டும் அல்லவா? மிஞ்சுவதில்லை, ஏனென்றால் அந்த அடுக்குகளைக் கட்டியிருக்கும் செங்கல்லே மெலனின்தான். இறகின் நுண்ணிழைகளுக்குள் தோசை மாதிரி தட்டையான மெலனின் வில்லைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டிக் குட்டிக் காற்றறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். வில்லை இல்லையென்றால் அடுக்கும் இல்லை, மினுக்கும் இல்லை. இந்த அடுக்கை ஆராய்ந்து 1960இல் எழுதியவர்களில் ஒருவர் க்ராஃபோர்ட் கிரீன்வால்ட், டூபாண்ட் ரசாயன கம்பெனியின் தலைவர், ஓய்வு நேரத்தில் அதிவேக ஃப்ளாஷ் வைத்து ஹம்மிங்பேர்டு படம் எடுத்துத் தள்ளியவர்.

இப்போது நீங்கள் எடுக்கப்போகும் படம். சிறகு நொடிக்குச் சுமார் 50 முறை அடிக்கும், ஆகவே ஷட்டர் 1/2000 நொடி அல்லது அதற்கும் வேகமாக இருக்கட்டும். அப்போதும் சிறகு நுனி கொஞ்சம் கலங்கலாம், பரவாயில்லை. வெள்ளைப் பறவைக்குப் பெரிய தொல்லை வேறு. பின்னால் கரும்பச்சை இலைகள் இருந்தால், கேமரா அந்த இருட்டை வெளிச்சமாக்கப் பார்த்து, பறவையை வெளுத்த சுண்ணாம்பாக்கிவிடும், ஒரு இறகுகூடப் பிரிந்து தெரியாது. எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறையுங்கள். பின்னால் வெறும் வானம் என்றால் நேர்மாறாக, கூட்டுங்கள், இல்லாவிட்டால் சாம்பல் பறவைதான் கிடைக்கும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

பறக்கும் படம் அழகுதான், ஆனால் அடையாளத்துக்கு உதவுவது உட்கார்ந்த படம். குடித்துவிட்டுப் போய் உட்கார ஒரே குச்சியை அது திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கும். அந்தக் குச்சியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்து, கண்ணும் அலகும் காலும் தெளிவாக விழும்படி பக்கவாட்டில் எடுங்கள். குடுவையில் 4 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு வெள்ளைச் சர்க்கரை, சிவப்புச் சாயம் வேண்டவே வேண்டாம், வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும்.

அப்புறம் சிறகு நுனியையும் நெருக்கத்தில் ஒன்று எடுத்து வையுங்கள். மெலனின் இறகுக்கு உறுதியும் தருகிறது, அது இல்லாத வெள்ளை இறகு சீக்கிரம் நைந்துபோகும். சில வாரம் கழித்து அதே பறவை திரும்ப வந்தால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.