பயிர்க்கடன்: 7 சதவீதமா, 4 சதவீதமா, வட்டியே கிடையாதா?

ஊரில் வட்டியை மாதக் கணக்கில்தான் பேசுவோம். ‘மூணு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். அதே கணக்கில் பார்த்தால், கிசான் கிரெடிட் கார்டில் வாங்கும் பயிர்க்கடனுக்கு மாதம் 33 பைசாதான் வட்டி. ஆனால் கெடு தேதிக்குள் கட்டினால்தான் இந்தக் கணக்கு.

3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வங்கி போடும் வட்டி 7 சதவீதம். இந்தக் குறைந்த வட்டிக்காக ஒன்றிய அரசு 1.5 சதவீதத்தை நேராக வங்கிக்கே கொடுத்துவிடும். அது நம் கண்ணில் படாது. கெடுவுக்குள் கடனை அடைப்பவருக்கு இன்னொரு 3 சதவீதம் கழியும். ஒரு லட்சத்துக்கு ஓராண்டு வட்டி 7,000 ரூபாய்க்குப் பதில் 4,000. கெடு தாண்டினால் அந்த 3 சதவீதம் போச்சு. அப்புறம் ஓடுவது வங்கியின் வழக்கமான வட்டி. வட்டியை மட்டும் கட்டினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அசலையும் சேர்த்து அடைத்துவிட்டு மறுபடி எடுப்பதுதான் பத்திரம். அட்டை 5 ஆண்டு செல்லும் என்பதால் திரும்ப எடுக்கச் சிரமம் இல்லை.

எவ்வளவு கிடைக்கும்? பயிர்வாரியாக ஏக்கருக்கு இவ்வளவு கடன் என்று மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு நிர்ணயிக்கிறது. ஒரு பயிருக்கு ஏக்கருக்கு 30,000 என்று வைத்துக்கொள்வோம். 3 ஏக்கருக்கு 90,000. அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் அதில் 10 சதவீதம், பண்ணைச் சொத்துகளின் பராமரிப்புக்கு 20 சதவீதம் சேர்த்தால் 1,17,000. பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் இதற்கு மேல்.

2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரை அடமானம் தேவையில்லை (முன்பு 1.6 லட்சம்). அதற்குள் கேட்கும் கடனுக்கு நிலத்தை எழுதித் தரச் சொன்னால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். ஆடு, மாடு, மீன் வளர்ப்போருக்கும் 2018-19 முதல் இந்த அட்டை உண்டு. வட்டிச் சலுகை 2 லட்சம் வரை.

சரி, வட்டியில்லாக் கடன் எங்கே? தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில். அங்கும் கெடுதான் நிபந்தனை. தவறாமல் கட்டியவரின் வட்டியை மாநில அரசு ஏற்கிறது. சங்கத்துக்குப் பணம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலிருந்து வருகிறது. கடனில் ஒரு பகுதி ரொக்கமாகவும் ஒரு பகுதி உரமாகவும் கிடைக்கும். சிட்டா, அடங்கல், ஆதார் கையில் இருக்கட்டும். சிறு விவசாயி முதலில் ஏற வேண்டிய படி சங்கத்துடையது என்பேன். வணிக வங்கியும் கிராம வங்கியும் அப்புறம்தான்.

குத்தகைதாரரும், வாய்மொழிக் குத்தகைக்காரரும்கூட, இந்த அட்டைக்குத் தகுதியானவர்களே. ஆனால் சிட்டாவில் இருப்பது நில உடைமையாளர் பெயர் என்பதால் தனியாகப் போனால் இழுபறி ஆகலாம். நாலைந்து பேர், ஒருவர் கடனுக்கு மற்றவர்களும் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து போகலாம்.

கெடுவும் அறுவடையும் ஒரே நேரத்தில் வந்து, விலையும் படுத்துக் கிடந்தால்? அட்டை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயி விளைச்சலை அங்கீகாரம் பெற்ற கிடங்கில் வைத்து, அந்த ரசீதின் பேரில் அதே 7 சதவீதத்தில் 6 மாதம் வரை கடன் பெறலாம். இந்தச் சலுகைக் கடன் கைமாற்றத்தக்க ரசீதுக்குத்தான், அதாவது சரக்கின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தரக்கூடிய ரசீதுக்குத்தான்; கிடங்கு தருவது அந்த வகையா என்று மூட்டையை இறக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.